கடைசி வரியில் போன கிழக்கு மாகாண சபை

போயா லீவு என்பதால் உங்கள் செய்தித் தொகுப்பை ஆறுதலாக வாசித்தேன். அதில் காசா போர் பற்றிய பகுதியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவ, கையைச் சட்டிக்குள் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தா. 1990இல் போருக்குப் பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோணியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கு ஓடியவ அவ.

உக்ரைன், கொழும்பு அரசியல் எல்லாம் விரிவாக இருக்கிறது. மாகாண சபைத் தேர்தல் மட்டும் கடைசியில் ஒரே வரி! கிழக்கில் நாங்கள் கடைசியாக அதற்கு வாக்களித்தது 2012 செப்டெம்பர். சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரின் கையில்தான் எல்லாம். 2018 ஓகஸ்டில், புதிய முறையில் இந்தத் தேர்தலை நடத்தத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்?

மாகாண சபையின் கீழ் இருக்கும் எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய் இரண்டு தவணை. யாரிடம் போய்க் கேட்பது? வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவர் இருந்தால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். மட்டக்களப்பு மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பந்தல் போட்டுப் போராட்டத்தில் இருந்த மாட்டுப் பண்ணையாளர்களுக்கும் இதே நிலைதான். அடுத்த லீவுத் தொகுப்பில் கிழக்குக்கு ஒரு முழுப் பந்தியாவது ஒதுக்குங்கள்.