உளுந்து வாங்கலாம், நீர்மூழ்கி கொடுக்கக் கூடாது

பர்மா (மியான்மர்) ராணுவ ஆட்சியோடு இந்தியாவுக்கு என்ன உறவு என்று கோபப்படும் நண்பர்களுக்கு ஒரு தகவல். நாம் இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஜூனிலேயே, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்தாண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டோம். ஐ.நா. பொதுச்சபையில் அந்த ராணுவத்தைக் கண்டித்துத் தீர்மானம் வந்ததும் அதே மாதம்தான். இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். நிறுத்தினால் முதல் அடி அங்குள்ள விவசாயிக்கு. அடுத்து, பரமக்குடியிலும் தொண்டியிலும் இட்லிக்கு ஊறப்போடுகிறவர்களுக்கு. ஆனால் காசு போகும் வழியைப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் பர்மாவின் மத்திய வங்கி, ஏற்றுமதியில் வரும் டாலரை அரசு வைத்த விலைக்கே மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. வெளிச்சந்தையில் டாலர் அதைவிட அதிக விலைக்குப் போனது. அந்த வித்தியாசம் ஆட்சியாளர்களுக்கு லாபம். பருப்பு ஒப்பந்தத்தில் பேரம் பேச வேண்டிய இடம் இதுதான்.

மக்களாட்சி இல்லாத நாடு என்றால் உறவையே முறித்துவிடு என்பதும் சரிவராது. நம் கரையிலிருந்து வளைகுடா மன்னராட்சி நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவர் அங்கே பிடிபட்டால், 1963 வியன்னா உடன்படிக்கைப்படி நம் தூதரக அதிகாரி சிறைக்குப் போய்ப் பார்க்கலாம். தூதரகத்தை மூடிவிட்டால் மூன்றாவது நாட்டைக் கெஞ்ச வேண்டும்.

எனக்கு ஒப்பாதது, நம் பாதுகாப்புக்குப் பர்மாவின் தளபதிகளை நம்பியது. 1988இல் அங்கே நடந்த மாணவர் எழுச்சியை வெளிப்படையாக ஆதரித்த இந்தியா, சில ஆண்டுகளில் ராணுவத்தின் பக்கம் திரும்பியது. 1,643 கிலோமீட்டர் எல்லை, வடகிழக்கு ஆயுதக் குழுக்கள், சீனா என்று காரணம் சொன்னார்கள். காரணங்கள் உண்மைதான். பலன்? 2020 அக்டோபரில், தேர்தல் அரசு இருந்தபோது, சிந்துவீர் நீர்மூழ்கியைக் கொடுத்தோம். 2008 அரசியல் சாசனப்படி அங்கே படைகள் தேர்தல் அரசுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நான்கு மாதத்துக்குள் ஆட்சிக் கவிழ்ப்பு. கடல், ஆறு, சாலை வழியே பர்மாவைக் கடந்து மிசோரமுக்குச் சரக்கு கொண்டுபோக நாம் போட்ட கலாதான் திட்டத்தில், அங்குள்ள சித்வே துறைமுகம் 2023இல் இயங்கத் தொடங்கியது. சரக்கு ஆற்று வழியே ஏறிப் போக வேண்டிய பலேத்வா, 2024 ஜனவரியில், ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் படையிடம் விழுந்தது. எல்லையைக் காப்பார்கள் என்று நாம் நம்பிய சிப்பாய்களே மிசோரமுக்குள் ஓடிவந்தார்கள். விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பினோம்.

ஆகவே பருப்பு வாங்குங்கள், தூதரகத்தைத் திறந்து வையுங்கள். ஆயுதமும் உதிரிபாகமும் கொடுக்காதீர்கள். பலேத்வாவை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களோடும் பேசுங்கள்.

அகதிகள் விஷயத்தில் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பேச உரிமை உண்டு. இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாம் இங்கேதான் இருக்கிறது. 1964இல் பர்மாவில் தளபதி நே வின் ஆட்சி 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்து, கடைகளைப் பறித்தபோது கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். 2021 கவிழ்ப்புக்குப் பின் பர்மாவிலிருந்து மிசோரமுக்கு வந்த சின் இன மக்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் தடுக்கச் சொன்னது. மாநில அரசு அந்தப் பேச்சைக் கேட்காமல் இடம் கொடுத்தது. நாட்டில் அகதிகளுக்கென்று சட்டம் இல்லாததால், வருகிறவர் கதி அந்தந்த மாநிலத்தின் மனசைப் பொறுத்ததாகிவிட்டது. அந்தச் சட்டத்தை முதலில் நம் எம்.பி.க்கள் கேட்கட்டும்.