என் காசையே எனக்குக் கடனாகத் தருவார்களாம்

கிரெடிட் கார்டு கேட்டதற்கு வங்கியிடமிருந்து மறுபடியும் அதே கடிதம். "போதுமான கிரெடிட் ஹிஸ்டரி இல்லை, வருந்துகிறோம்." கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பழைய பதிவு இல்லையாம். வருந்துகிறார்களாம்!

எச்1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து இறங்கிய எல்லோருக்கும் இந்தக் கடிதம் வந்திருக்கும். நான் பொறுக்க முடியாமல் கிளைக்கே போய்விட்டேன். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த தம்பி வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் சம்பளம் விழுவது அதே வங்கியில்தான். அவன் ஸ்கிரீனிலேயே தெரிகிறது. நல்ல சம்பளம் என்று பாராட்டு வேறு. சரி, கார்டு கொடுப்பா என்றால், ஹிஸ்டரி இல்லையாம். ஹிஸ்டரி எப்படி வரும்? கார்டு வாங்கி ஒழுங்காகக் கட்டினால் வருமாம். கார்டு? ஹிஸ்டரி இருந்தால் தருவார்களாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பதை இவ்வளவு சிரித்த முகத்தோடு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நம்மூர்க் கடன் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரை எடுத்துக் காட்டினேன். தாம்பரம் ஃபிளாட்டுக்கு ஒரு இஎம்ஐகூட பவுன்ஸ் ஆகாமல் கட்டிச் சேர்த்தது. 900-க்கு 800-ஐத் தாண்டி நிற்கிறது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது இங்கே செல்லாது என்றான். சிபிலின் முழுப்பெயரே டிரான்ஸ்யூனியன் சிபில்தான் ஐயா! அமெரிக்கர்களின் கடன் ஜாதகத்தை வைத்திருக்கும் மூன்று பெரிய கம்பெனிகளில் அந்த டிரான்ஸ்யூனியனும் ஒன்று. கம்பெனி கடல் தாண்டலாம், ஜாதகம் தாண்டக் கூடாது. தீட்டு போலிருக்கிறது.

அப்புறம் ஒரு சலுகை சொன்னான் பாருங்கள், செக்யூர்டு கார்டு. நான் 500 டாலர் டெபாசிட் கட்டினால் அவர்கள் 500 டாலர் லிமிட் தருவார்களாம். காசு என்னுடையது, தேதி தவறினால் வட்டி மட்டும் அவர்களுக்கு.

இங்கேயே பிறந்த பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்பா தன் கார்டில் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும், ஒரு பைசா சம்பாதிக்கும் முன்பே ஹிஸ்டரி வளர ஆரம்பித்துவிடும். என் அப்பாவும் கார்டு வைத்திருந்தார். ரேஷன் கார்டு. அதில் என் பெயரும் இருந்தது.

இதில் உச்சம் என்னவென்றால், விண்ணப்பித்ததற்கான ஹார்ட் இன்கொயரி, அதாவது நான் கார்டு கேட்டபோது வங்கி என் கடன் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்த பதிவு, இரண்டு வருடம் என் கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கும். இவர்கள் தரவில்லை என்பது பதிவாகாது, நான் கேட்டேன் என்பது பதிவாகும். ஆக இந்த நாட்டில் இதுவரை என் வரலாறு: வந்தான், கேட்டான், மறுபடியும் கேட்டான். படித்துப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

அதை விடுங்கள். இந்த அபார்ட்மெண்டில் துணி காயவைக்கும் மெஷினுக்கு 25 சென்ட் நாணயமாகத்தான் போட வேண்டுமாம். நேற்று அத்தனை சில்லறையையும் விழுங்கிவிட்டு ஜீன்ஸைச் சொட்டச் சொட்ட அப்படியே வைத்திருக்கிறது. அதற்கு யாரிடம் போய்க் கேட்பது?