பசோலினியை அவர் சாவிலிருந்து தொடங்காதீர்கள்

இத்தாலியக் கவிஞரும் திரைப்பட இயக்குநருமான பியர் பாவ்லோ பசோலினி பற்றி யார் எழுதினாலும் பெரும்பாலும் ரோமுக்குப் பக்கத்தில் உள்ள ஓஸ்தியா கடற்கரையில்தான் தொடங்குகிறார்கள். 1975 நவம்பர் 2, அடித்துச் சிதைக்கப்பட்டு, சொந்தக் காரே மேலே ஏற்றப்பட்டுக் கிடந்த உடல். அடுத்த பத்தியிலேயே அவருடைய கடைசிப் படமான 'சலோ' வந்துவிடும். 53 வயது வரை ஒரு மனிதர் எழுதிக் குவித்ததும் எடுத்ததும் ஒரு மர்மக் கதைக்கு முன்னுரை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

முதலில் அவர் கவிஞர். அப்பா ராணுவ அதிகாரி. அம்மா சுசான்னா பள்ளிக்கூட ஆசிரியை, வடகிழக்கே ஃப்ரியூலி பகுதியில் கசார்சா என்கிற ஊர்க்காரர். அந்த ஊர் விவசாயிகள் பேசுகிற மொழியில் பசோலினி கவிதை எழுதி, 20 வயதில், 1942இல், கைக்காசு போட்டுப் புத்தகமாக்கினார். வட்டார மொழிகள் தலையெடுக்கவே கூடாது என்று முசோலினி ஆட்சி நினைத்த காலம் அது.

அவர் தம்பி குயிதோ பாசிசத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவன். 1945 பிப்ரவரியில் அவனைக் கொன்றது பாசிஸ்டுகள் அல்ல, இன்னொரு அணியைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் போராளிகள். வேறொருவராக இருந்தால் ஆயுசுக்கும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார். பசோலினி அதே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1949இல் பதின்பருவப் பையன்களோடு பாலியல் உறவு என்று வழக்கு வந்ததும் கட்சி அவரை வெளியேற்றியது, வாத்தியார் வேலையும் போனது. வழக்கிலிருந்து பின்னால் விடுதலை ஆனார். ஆனாலும் அந்தப் பையன்களின் வயதை மழுப்பிவிட்டு அவரைப் புனிதராக்க எனக்கு மனமில்லை. கடைசி இரவில் அவரோடு காரில் ஏறியவனுக்கும் 17 வயதுதான். அதைக் கேள்வி கேட்பவர்கள் கேட்கட்டும், நியாயம்தான். தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்பதற்காகவே கரித்துக்கொட்டியவர்களை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

1950இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி ரோமுக்கு வந்தார். வறுமையோடு தங்கியது நகரத்தின் விளிம்பில். அந்தச் சேரிப் பையன்களின் வாழ்க்கையைத்தான் 1955இல் நாவலாக எழுதினார். ஆபாசம் என்று கோர்ட்டுக்கு இழுத்தார்கள், தப்பித்தார். அப்புறம் சாகும்வரை வழக்கு மேல் வழக்கு.

1961இல் முதல் படம், 'அக்காத்தோனே'. பெண்ணை வைத்துப் பிழைக்கிற ஒருவன், புழுதியில் மச்சானோடு கட்டிப் புரண்டு சண்டை போடுகிறான். பின்னணியில் ஒலிப்பது, ஏசுவின் பாடுகளைப் பற்றி ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இயற்றிய 'மத்தேயு திருப்பாடு' இசை. தேவாலயத்தில் கேட்க வேண்டிய இசையை இவனுக்கா போடுவது என்று பலருக்குக் கோபம். இவனுக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது? பசோலினியை நான் நேசிக்கத் தொடங்கியது அந்தக் காட்சியில்தான். ஏழையை அவர் பரிதாபமாகக் காட்டுவதில்லை. சர்ச் சுவரில் வரைந்த ஓவியத்துக்குத் தரும் மரியாதையோடு நேருக்கு நேர் நின்று பார்க்கிறார்.

1963இல் 'ரிகோத்தா' என்ற குறும்படத்துக்காக, மதத்தை அவமதித்தார் என்று நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள், பின்னால் அது ரத்தானது. மறு வருஷமே அதே ஆள் 'மத்தேயுவின் நற்செய்தி' எடுத்தார். கடவுள் நம்பிக்கை இல்லாத மார்க்சியர், அதை மறைந்த போப் 23ஆம் யோவானின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். கத்தோலிக்க அமைப்பு விருது கொடுத்தது!

பாலஸ்தீனத்துக்குப் போய் இடம் பார்த்துவிட்டு, அது வேண்டாம் என்று தெற்கு இத்தாலியின் மத்தேரா ஊரில் எடுத்தார். ஏசுவாக நடித்தவர் ஸ்பெயின் மாணவர், அதற்கு முன் நடித்தவரே இல்லை. படம் தொடங்கும்போது பேச்சே கிடையாது. மரியாளின் முகம். யோசேப்பின் முகம். பிறகுதான் அவள் கர்ப்பிணி என்று தெரிகிறது. அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி நடக்கிறான். ஒரு மனைவியும் கணவனும் பேச முடியாமல் நிற்கிற அந்த நேரத்தை இவ்வளவு எளிமையாக வேறு எந்த ஏசு படத்திலும் நான் பார்க்கவில்லை.

சிலுவையடியில் நிற்கிற வயதான மரியாள் யார் தெரியுமா? பசோலினியின் அம்மா சுசான்னாவேதான். இருபது வயதுகூட நிரம்பாத மகன் குயிதோவைப் பறிகொடுத்த அதே அம்மா. தள்ளாடி விழப்போய், மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க, அவர் அழுகிற அழுகை நடிப்பாக எனக்குப் படவில்லை.

எந்தப் பக்கத்துக்கும் அவர் செல்லப்பிள்ளையாக இருந்ததில்லை. 1968 மார்ச்சில் ரோமின் வாலே ஜூலியாவில் மாணவர்களும் போலீசும் மோதியபோது, மாணவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அடிவாங்கிய போலீஸ்காரர்கள்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்று கவிதை எழுதினார். வலதுசாரிகள் இன்றும் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். போலீஸ் என்கிற அமைப்பை எதிர்ப்பதில் சந்தேகமே இல்லை என்று அதே கவிதையில் இருப்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

1973லிருந்து 'கொரியரே தெல்லா சேரா' நாளிதழில் எழுதிய கட்டுரைகளில், பாசிசத்தால் முடியாததை டிவியும் நுகர்வு வெறியும் சாதித்துவிட்டன, ஏழைகளின் பேச்சும் உடல்மொழியும்கூட ஒரே அச்சாகிவிட்டன என்றார். இதில் அவரோடு நான் முழுசாகப் போக மாட்டேன். பழைய கிராமத்தை அவர் அளவுக்கு மீறிக் கொண்டாடினார். அந்தக் கிராமத்துப் பெண்களைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். கருக்கலைப்பைச் சட்டமாக்குவதை 1975 ஜனவரியில் எதிர்த்து எழுதியதும் எனக்கு ஒப்பாதது.

கொலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1976இல் முதல் தீர்ப்பு, அன்றிரவு காரில் ஏறிய பெலோசி என்கிற அந்தப் பையன் முகம் தெரியாத வேறு சிலரோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்த 'வேறு சிலர்' காணாமல் போனார்கள். 2005இல் பெலோசியே, கொன்றது நான் இல்லை என்று டிவியில் சொன்னார். அரசியல் கொலையா என்ற சந்தேகம் நியாயமானது, எனக்கும் உண்டு. அதற்காக அவரை அந்த ஒரு இரவுக்குள் அடைத்துவைக்க வேண்டாம் என்கிறேன்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'மத்தேயுவின் நற்செய்தி'யில் தொடங்குங்கள். பிறகு 'அக்காத்தோனே', அடுத்து அன்னா மாக்னானி நடித்த 'மம்மா ரோமா'. 'சலோ'வைக் கடைசியில் பார்க்கலாம். பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.