எஸ்ஏடி தேர்வில் தப்பான விடைக்கு மார்க் குறையாது

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில் தெரியாத கேள்வியை என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். அதற்கு, "தெரியாத கேள்வியை அப்படியே விட்டுவிடு, தப்பானால் கால் மார்க் போய்விடும்" என்று அண்ணன் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அது பழைய எஸ்ஏடி. 2016 மார்ச்சிலேயே அந்த முறையை எடுத்துவிட்டார்கள். தங்கச்சி, 98 கேள்வியில் ஒன்றைக்கூடக் காலியாக விடாதே.

போன மாதம் காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து அக்கா மகள் மாதிரித் தேர்வு எழுதினாள். இதே பேச்சை நம்பி ஒன்பது கேள்வியை விட்டிருந்தாள். எனக்கு மனசே ஆறவில்லை. நான்கு விடை கொடுத்திருக்கும் கேள்வியில், நிச்சயம் தப்பென்று தெரிந்த இரண்டைத் தள்ளிவிட்டாலே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே! கணக்கில் மட்டும் சுமார் கால்வாசிக்கு விடையை நாமே தட்ட வேண்டும், அங்கே ஊகம் அவ்வளவாக உதவாது. அப்புறம், நீட்டில் தப்புக்கு 1 மார்க் குறைப்பது உண்மைதான். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே.