எடை திரும்ப ஏறினால் வாயைக் கட்டவில்லை என்று அர்த்தமா?

"அறுவை சிகிச்சை செய்தும் எடை ஏறினால், வாயைக் கட்டவில்லை என்றுதான் அர்த்தம்" என்று எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி. படித்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கு இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடத்தில் 38 கிலோ குறைந்தது. அப்புறம் 14 கிலோ திரும்பி வந்தது. அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய பெரிய சட்டையை மறுபடி எடுத்துப் போட்ட அன்று, பாதி பட்டனோடு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் மூன்று மாதம் டாக்டரிடமே போகவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

கடைசியில் போனபோது அவர் திட்டவில்லை. கொஞ்சம் எடை திரும்புவது பலருக்கும் நடப்பதுதான், உடம்பே பழைய எடைக்கு இழுக்கும் என்றார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு தெரிந்தது; அது குறைந்தாலும் மனம் சோர்ந்துபோகுமாம். மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்களுக்கு ஒன்று: மனச்சோர்வு மாத்திரை உடம்பில் சேரும் அளவு சிலருக்கு மாறலாம். முன்பு கேட்ட மாத்திரை இப்போது கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் என் அக்காவிடம்தான் முதலில் சொன்னேன்.