மெலிந்தவர்களுக்கு மட்டும் வருவதன்று முதுமைத் தளர்ச்சி

முதுமைத் தளர்ச்சி (frailty) என்பது வயதாகும்போது உடலின் வலுவும் தாங்குதிறனும் குறைந்துபோகும் நிலை. 'ஒல்லியான பாட்டிமாருக்குத்தான் முதுமைத் தளர்ச்சி வரும், சதைப்பிடிப்பானவர்களுக்குக் கவலையில்லை' என்று சொல்வது தவறான புரிதலைத் தருகிறது. அமெரிக்காவில் 65 முதல் 79 வயது வரையுள்ள 40,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், எடை குறைந்தவர்களுக்கு மட்டுமன்றி அதிக எடையும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கும், இயல்பான எடையுள்ளவர்களைவிடத் தளர்ச்சி ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது; புகைபிடித்தலும் மனச்சோர்வின் அறிகுறிகளும் அதே பட்டியலில் இடம்பெற்றன. தளர்ச்சியைக் கண்டறிய 2001-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரைடு குழுவினர் வகுத்த அளவுகோலில், தானாக எடை குறைவது ஐந்து கூறுகளுள் ஒன்று மட்டுமே; மற்ற நான்கான கைப்பிடி வலுவிழத்தல், நடை மந்தமாதல், அயர்ச்சி, உடலியக்கம் குறைதல் ஆகியவற்றுள் மூன்று இருந்தாலே, எடை சிறிதும் குறையாதவரும் தளர்ச்சியுற்றவராகவே கொள்ளப்படுவார்.