பாட்டியின் படத்துக்கு எந்த விழா?

வருசக் கடைசி நெருங்கினால் இன்பாக்ஸில் அதே கேள்வி. "அண்ணே, இந்தத் தடவை எந்த காமிக் விழா? கோலாலம்பூரா, சிங்கப்பூரா?" ஒவ்வொருத்தருக்கும் தட்டித் தட்டி விரல் தேய்ந்துபோச்சு. இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் படம் வரையச் சொல்லி வாங்குகிற ஆள். பொம்மையும் வாங்குவேன், மறுக்கவில்லை. வீட்டுக்காரியைக் கேட்டால் அலமாரியைத் திறந்தே காட்டிவிடுவாள். ஆனால் பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி நாலு மணி நேரம் உட்கார்ந்து, ராத்திரிக்கு ரூம் போட்டு, பெட்டிக்குள் இருக்கிற பொம்மையை வாங்கிவர எனக்குக் கட்டுப்படியாகாது. அந்த மாதிரிப் பெட்டிக்குக் கோலாலம்பூரில் டைம்ஸ் ஸ்குவேர், சுங்கை வாங் மால்கள் பக்கம் வருசம் முழுக்கக் கடை இருக்கிறது. மூலை நசுங்கியிருக்கிறதா என்று நிதானமாகத் திருப்பிப் பார்க்கலாம். விழாவில் அதே பெட்டியைக் கையில் எடுக்கும்போது பின்னால் வீரன் வேடம் போட்டு நிற்பவரின் அட்டைக்கத்தி நம் விலாவைப் பதம் பார்த்துக்கொண்டிருக்கும்.

படம் அப்படியில்லை. வரைகிற கை எங்கே வருகிறதோ அங்கேதான் நாமும் போக வேண்டும். அதனால் நான் விழாவின் பேரைப் பார்ப்பதில்லை, சிறப்பு விருந்தினர் யார் என்றும் பார்ப்பதில்லை. ஓவியர்கள் பட்டியல் வெளியானதும் அதில் எனக்குப் பிடித்த கை எத்தனை என்று எண்ணுவேன். மூன்று பேராவது இருந்தால்தான் டிக்கெட்.

கோலாலம்பூரின் காமிக் ஃபியஸ்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-லிருந்து நடக்கிறது, தன்னார்வலர்கள் தோளில் சுமக்கிற விழா. பல வருசமாக டிசம்பரில் கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் நடத்தினார்கள். மேசைகள் வரிசை வரிசையாகப் போகும், கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த மேசைகளில் பெரும்பாலும் ஏற்கெனவே அச்சடித்த படங்கள், ஸ்டிக்கர், சாவிக்கொத்து. உட்கார்ந்து வரைந்து தருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்கள் பட்டியலும் பதினோரு மணிக்குள் நிறைந்துவிடும். ஒரு தடவை நான் பசியாறிவிட்டு ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தபோது எனக்கு வேண்டிய மேசையில் 'முடிந்தது' என்று அட்டை வைத்திருந்தார்கள். ஒரு ரொட்டி சானாய்க்காக ஒரு வருசம் காத்திருந்தேன். இப்போதெல்லாம் ஒரு மாதம் முன்னாலேயே அவர்களின் இன்ஸ்டாகிராமை நோட்டம் விடுகிறேன். சிலர் விழாவுக்கு முன்பே படிவம் திறந்து முன்பதிவு எடுக்கிறார்கள்.

எனக்கு வாய்த்ததிலேயே நல்ல படம் பெரிய மண்டபத்தில் கிடைத்ததில்லை. இங்கே பினாங்கில் காமிக் ஃபியஸ்டா மினி நடந்த ஒரு வருசம் கிடைத்தது. ஒரு சீனப் பொண்ணு, இருபது வயசு இருக்கும், மேசை முன்னால் கூட்டமே இல்லை. பாட்டியின் பழைய போட்டோவைக் காட்டி, "கெடா எஸ்டேட்டில் ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க. இவங்கள ஒரு காமிக்ஸ் கதாநாயகி மாதிரி வரைஞ்சு தர முடியுமா?" என்று மலாயில் கேட்டேன். பென்சிலை எடுத்தவள் நிறுத்திவிட்டாள். "அங்கிள், மரத்துல அந்தக் கோடு எந்தப் பக்கம் இறங்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் பிறந்தவன்தான், ஆனால் பால் கத்தி பிடித்ததில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. இதுகூடத் தெரியாம என்னடா படம்?" என்று ஸ்பீக்கரில் திட்டு. பாலோடும் குழாய்கள் பட்டைக்குள் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன, அப்படி வெட்டினால்தான் நிறைய அறுபடும் என்று பிறகு படித்தேன். அம்மாவுக்கு அந்த விஞ்ஞானம் எல்லாம் தெரியாது, கைக்குத் தெரியும். அந்தப் பொண்ணு கோட்டை அழித்துத் திருப்பிப் போட்டாள். பால் பிடிக்கிற மங்கு எப்படித் தொங்கும், கம்பி எங்கே சுற்றும் என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கம்பிக்கு மட்டும் பத்து நிமிசம் செலவழித்தாள். நெற்றியில் விளக்கு, தோளில் காண்டா என்கிற சுமைக்கம்பு, இரண்டு பக்கமும் வாளி. எண்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்டாள், நூறு கொடுத்தேன். வரிசையில் நாற்பது பேர் நின்றிருந்தால் அந்தக் கேள்வியை அவள் கேட்டிருப்பாளா?

எல்லாம் இப்படி முடிவதில்லை. வேறொரு விழாவில், பேர் வேண்டாம், நூற்றெண்பது வெள்ளியை முழுசாகக் கொடுத்துவிட்டு "தபாலில் அனுப்புறேன்" என்பதை நம்பி வந்தேன். தபால்காரர் பல தடவை வந்தார், படம் வரவில்லை. அன்றிலிருந்து பாதிதான் முன்பணம். தாளும் என்னுடையதுதான், கனமானதாகப் பார்த்துக் கொண்டுபோவேன். ஆல்கஹால் மார்க்கர் மெல்லிய தாளில் பட்டால் மறுபக்கம் ஊறி அடுத்த பக்கத்தையும் கெடுத்துவிடும்.

சிங்கப்பூர்? டிசம்பரில் மரினா பே சேண்ட்ஸில் நடக்கிற காமிக் கானுக்கு அமெரிக்கக் காமிக்ஸ் வரைகிற பெரிய கைகள் வருவதுண்டு. நீங்கள் இருபது வருசமாகப் படிக்கிற ஓவியர் பேர் பட்டியலில் இருந்தால் கடன் வாங்கியாவது போங்கள். சும்மா சுற்றிப் பார்க்கவா? அவர்கள் ஒரு டாலருக்கு நம் காசு மூன்று வெள்ளிக்கு மேல், அங்கே ஒரு படம் வாங்கும் பணத்தில் இங்கே மூன்று வாங்கலாம். புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, காமிக்ஸுக்குத் தரச் சான்று தருகிற சிஜிசி நிறுவனத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொரு விசயம்: அவர்களின் மஞ்சள் சீட்டு, அவர்கள் தரப்புச் சாட்சியின் கண்முன்னே போட்ட கையெழுத்துக்குத்தான். தனியாக வாங்கிக்கொண்டு வந்து "சத்தியமா அவர்தான் போட்டார்" என்றால் மஞ்சள் கிடைக்காது.

நம்ம ஊர் விழாக்களில் எனக்கு ஒரு குறை. தமிழ் காமிக்ஸ் விற்கிற மேசையை நான் இதுவரை பார்த்ததில்லை. சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது, அப்பா அதைத் தேடித் தேடிப் படித்தவர். அவர் சேர்த்ததில் பாதியை நம்ம ஊர் ஈரக்காற்றும் பூஞ்சையும் தின்றுவிட்டன. மீதியை உறை போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். பாட்டி படம் கண்ணாடிக்குள், வெயில் படாத சுவரில்.

இந்த வருசப் பட்டியலில் எனக்குப் பிடித்த கை நாலு தேறியிருக்கிறது, அதனால் கோலாலம்பூர். இந்தத் தடவை காரில்தான் போகிறேன். பட்டர்வொர்த், பிறை பக்கம் யாராவது வந்தால் இரண்டு இடம் இருக்கிறது, டோலும் பெட்ரோலும் பங்கு. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறேன், பசியாற எங்கேயும் நிறுத்த மாட்டேன்.